முதல் ராஜகுமாரியின் மாளிகையும் குடியானவரின் கொளகமும்: மைசூரு ஜயலட்சுமி விலாஸ்

மைசூர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஜயலட்சுமி விலாஸ் மாளிகை எவ்வாறு நாட்டுப்புற அருங்காட்சியகமாக மாறியது, ஓர் அரண்மனைக்குள் கலப்பையும் உலக்கையும் தோல்பாவையும் பொருந்தி நிற்குமா, மைசூருக்கு இரண்டு நாள் பயணமாக வருபவர் அதற்கு அரை நாளை ஒதுக்கலாமா என்ற மூன்று வினாக்களை எழுப்பியிருக்கிறீர்கள். மூன்றாவதற்கு மட்டும் உடனே விடை சொல்லிவிடலாம்: ஒதுக்கலாம். ஆனால் பெரிய அரண்மனையின் தங்கச் சிம்மாசனத்தைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஏன் என்பதை விளக்க மற்ற இரண்டு வினாக்களுக்குள் போக வேண்டும்.

மாளிகையின் கதை ஒரு திருமணத்தில் தொடங்குகிறது. மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் 1894ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா சென்றிருந்தபோது தொண்டை அடைப்பான் நோயால் காலமானார். பட்டத்துக்குரிய நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அப்போது பத்து வயதுச் சிறுவர் என்பதால், அவருடைய தாயார் வாணி விலாச சந்நிதான மகாராணி ஆட்சிப் பொறுப்பாளராக 1902 வரை சமஸ்தானத்தை நடத்தினார். அந்த இடைக்காலத்தில்தான், 1897இல், மூத்த மகள் ஜயலட்சுமி அம்மணிக்கும் மகாராணியின் சொந்தத் தம்பியான காந்தராஜ அரசுக்கும் திருமணம் நடந்தது. தாய்மாமனை மணப்பது நமக்குப் புதிதல்ல; மைசூர் அரச குடும்பத்திலும் அது வழக்கமாக இருந்தது. அந்தத் திருமண விழாவின்போது ஏற்பட்ட தீயில், பெரும்பாலும் மரத்தால் கட்டப்பட்டிருந்த பழைய அரண்மனை எரிந்து போயிற்று. இன்று உலகமே வந்து பார்க்கும் பெரிய அரண்மனை, அந்தச் சாம்பலின்மேல் ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி 1912இல் முடிந்த கட்டடம். சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டி முடித்தவரும் எழும்பூரில் விக்டோரியா நினைவு மண்டபத்தை வடிவமைத்தவரும் அதே இர்வின்தான் என்பதால், சென்னைவாசிகளுக்கு அவருடைய கை பழக்கமானதே.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சியின் மணமகளுக்காக எழுப்பப்பட்டதுதான் நாம் பேசும் மாளிகை. 1905இல், ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய்ச் செலவில், ஊருக்கு மேற்கே ஒரு மேட்டின்மீது கட்டப்பட்டது. முதலில் இதற்கு ‘முதல் ராஜகுமாரி மாளிகை’ என்றே பெயர். மேட்டின் அடியில், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864இல் உருவாக்கிய குக்கரஹள்ளி ஏரி விரிகிறது. காந்தராஜ அரசு பின்னாளில், 1919 முதல் 1922 வரை, மைசூரின் திவானாகவும் இருந்தார். ஆகவே இந்த வீடு அந்தப்புர மாளிகையாக மட்டும் இல்லாமல், சில ஆண்டுகள் சமஸ்தானத்தின் அதிகாரம் குடியிருந்த வீடாகவும் இருந்தது.

கட்டடத்தின் அளவைப் பற்றி வழிகாட்டிகள் ஒப்பிக்கும் எண்கள் உண்டு: ஏறத்தாழ 125 அறைகள், 300 ஜன்னல்கள், செதுக்கு வேலைப்பாடுள்ள 287 கதவுகள். இந்த எண்களைக் காட்டிலும் என் மனத்தில் நிற்பது கட்டடத்தின் இரட்டைக் குணம். வெளியிலிருந்து பார்க்கும்போது இரட்டை இரட்டையாக நிற்கும் கொரிந்திய, அயோனியத் தூண்களும் முக்கோண முகப்பும் முட்டை வடிவக் காற்றுத் துளைகளுமாக ஐரோப்பிய மாளிகை ஒன்று தெரிகிறது. உள்ளே நுழைந்து நடுக் கூடத்துக்கு வந்தால், வண்ணக் கண்ணாடிக் கூரையின் கீழ் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் அமைப்பும், மரத்தூண்களில் நம் தச்சர்களின் உளி வேலையும் எதிர்ப்படுகின்றன. திண்ணையை மேனாட்டு உடையில் மறைத்துக்கொண்ட வீடு என்று சொல்லலாம். அந்தக் காலத்து மைசூர் அரசவையே அப்படித்தான் இருந்தது.

சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த பிறகு இத்தகைய மாளிகைகளைக் கட்டிக் காப்பது எந்த அரச குடும்பத்தாலும் இயலாததாயிற்று. மைசூரின் மாளிகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் பிழைத்தன. இளைய ராஜகுமாரி செலுவாஜம்மணிக்கான செலுவாம்பா மாளிகை, 1950இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் இல்லமானது. காரஞ்சி மாளிகை அஞ்சல் துறையின் பயிற்சி நிலையமாயிற்று. லலித மகால் விடுதியாயிற்று. அரண்மனை எரிந்த பிறகு அரச குடும்பம் தஞ்சம் புகுந்திருந்த ஜகன்மோகன் அரண்மனை ஏற்கெனவே ஓவியக்கூடமாகியிருந்தது. ஜயலட்சுமி விலாஸ் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. 1956 முதல் 1960 வரை துணைவேந்தராக இருந்த கவிஞர் குவெம்பு, முதுகலைப் படிப்புகளுக்கென்று ஊர் நெரிசலுக்கு வெளியே தனி வளாகம் வேண்டும் என்று கருதி, குக்கரஹள்ளி ஏரிக்கரையையும் இந்த மேட்டையும் தேர்ந்தெடுத்தார். வளாகத்துக்கு மானசகங்கோத்ரி, அதாவது மனக் கங்கை ஊற்றெடுக்கும் இடம், என்று பெயர் வைத்தவரும் அவரே.

பல்கலைக்கழகம் வாங்கிய அரண்மனையில் துணைவேந்தர் குடியேறியிருக்கலாம், விருந்தினர் விடுதி வைத்திருக்கலாம், அலுவலகங்களால் நிரப்பியிருக்கலாம். நாட்டுப்புறப் பொருள்களை ஏன் வைத்தார்கள் என்பதே உங்கள் வினாவின் நெஞ்சு. இதற்கு விடை, அந்நாளில் கன்னட ஆய்வுலகம் எதைத் தேடிக்கொண்டிருந்தது என்பதில் இருக்கிறது. 1966இல் பல்கலைக்கழகத்தில் கன்னட ஆய்வு நிறுவனம் உருவாயிற்று, தே. ஜவரேகௌடர் அதை வழிநடத்தினார், பின்னர் துணைவேந்தராகவும் ஆனார். ஜீ. சம். பரமசிவய்யர் போன்றோர் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு சிற்றூர்களுக்குச் சென்று, இரவு முழுதும் பாடப்படும் நெடுங்கதைப் பாடல்களைப் பதிந்துகொண்டிருந்தார்கள். பாட்டைத் தேடிப் போனவர்களின் கண்ணில் பாடகனின் கருவியும், அவன் வீட்டுக் குத்துவிளக்கும், பரணில் கிடந்த முகமூடியும் பட்டன. இவற்றை யாராவது எடுத்து வைக்காவிட்டால் பத்தாண்டுகளில் பழைய இரும்புக் கடைக்கோ அடுப்புக்கோ போய்விடும் என்பது தெளிவாகத் தெரிந்தது. இந்தச் சேகரிப்பு 1968இல் அருங்காட்சியகமாக வடிவம் பெற்றது. சித்ரதுர்க்கப் பகுதியைச் சேர்ந்த ஓவியர் பி. ஆர். திப்பேசாமி அதன் காப்பாளராக இருந்து ஊர் ஊராக அலைந்து பொருள்களைத் திரட்டினார். இன்று சேகரிப்பில் 6,500க்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன. காப்பாளர் ஒரு ஓவியர் என்பது தற்செயலான செய்தியன்று. ஒரு கரண்டியின் வளைவை அழகென்று காணப் பழகிய கண் இல்லாமல் இப்படிப்பட்ட தொகுப்பு அமைந்திருக்காது.

இனி நான் முதன்மையாகக் கருதுவதைச் சொல்கிறேன். இந்த அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் “அரசர் வீட்டில் ஏழையின் பொருள்” என்ற முரணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிட ஆழமான முரண் ஒன்று நிலப்படத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் உருவானபோது, பழைய மைசூரோடு பம்பாய் மாகாணத்துக் கன்னட மாவட்டங்களும், ஐதராபாத் நிஜாமின் ஆட்சியிலிருந்த கன்னடப் பகுதிகளும், குடகும், சென்னை மாநிலத்தின் தென் கன்னட மாவட்டமும் இணைந்தன. யக்ஷகானம் என்னும் கூத்தின் பெரும் தலைப்பாகைகளும் நெஞ்சணிகளும் பிறந்த கடற்கரை, ஆங்கிலேயர் காலத்து உடையார் சமஸ்தானத்தில் இருந்ததில்லை. தென் கன்னடம் சென்னையிலிருந்தும் வட கன்னடம் பம்பாயிலிருந்தும் ஆளப்பட்டன. அதைவிட நமக்கு அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தெற்குக் கர்நாடக நாட்டார் மரபின் மிகப்பெரிய நெடும்பாடல்களில் ஒன்றான மலெ மாதேஸ்வரர் கதை நிகழும் மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. அந்தக் கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டம். ஈரோடு, சேலம், தருமபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் அம்மலைக்குப் போய் வருவது அதனால் வியப்பில்லை.

ஆக, முதல் ராஜகுமாரியின் வீட்டில் 1968இல் கூடியவை அவளுடைய தம்பியின் குடிமக்களுடைய பொருள்கள் மட்டுமல்ல. நான்கைந்து வேறு ஆட்சிகளின் கீழ்ப் பிரிந்து கிடந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஒரே மாநிலத்துக்குள் வந்திருந்த மக்களின் பொருள்கள் அவை. அந்த மாநிலத்துக்குக் ‘கர்நாடகம்’ என்ற பெயர்கூட 1973இல்தான் வந்தது. பெயர் வருவதற்கு ஐந்தாண்டு முன்பே, அந்தப் பெயர் குறிக்கும் நிலம் எதுவென்பதைப் பாவையாலும் பறையாலும் மரக்காலாலும் ஒரு கூரையின் கீழ் அடுக்கிக் காட்டியது இந்த மாளிகை. அரச வரலாற்றை வைத்து அந்த ஒற்றுமையைச் சொல்லியிருக்க இயலாது. ஏனென்றால் வடக்கிலிருந்தவர்களுக்கு உடையார்கள் அயலார். குடியானவரின் வாழ்க்கையை வைத்துச் சொல்ல இயன்றது. நாட்டுப்புறவியலை ஒரு பல்கலைக்கழகம் அவ்வளவு ஆர்வத்தோடு தாங்கிப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

காட்சிப் பொருள்களுள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை; உழவுக் கருவிகள், சமையல் கலங்கள், விளக்குகள், ஆயுதங்கள், இசைக்கருவிகள், கூத்து உடைகள், பாவைகள், முகமூடிகள், சிற்றூர்த் தெய்வ வடிவங்கள் என்று அறை அறையாக நீளும் தொகுப்பு அது. பார்வையாளர்கள் மிக விரைவாகக் கடந்துபோகும் அளவைகளிடம்தான் நான் உங்களை நிற்கச் சொல்வேன். சேரு, பள்ள, கொளக என்று நம் ஆழாக்கு, படி, மரக்காலுக்கு இணையான முகத்தலளவைகள் மரத்திலும் உலோகத்திலும் இருக்கின்றன. ஒரே பெயருடைய கொளகம் ஊருக்கு ஊர் அளவில் மாறும். களத்தில் கூலி அளக்கும்போதும் கடன் நெல்லைத் திருப்பி வாங்கும்போதும் எந்தக் கொளகம் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சோறு அடங்கியிருந்தது. 1956ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகள் 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1960களின் தொடக்கத்தில் பழைய அளவைகள் வணிகத்துக்கு ஆகாதவையாயின. அருங்காட்சியகம் தொடங்கிய ஆண்டோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நூற்றாண்டுகளாகப் புழங்கிய ஒரு பொருள் பயனற்றுப்போன அந்தக் குறுகிய இடைவெளியில், அது அடுப்பெரிக்கப் போவதற்கு முன், சேகரிப்பாளர் வாசலுக்கு வந்துவிட்டார். ஏறத்தாழ அதே தலைமுறையில்தான் மண்கலத்தின் இடத்தை அலுமினியமும், ஏற்றத்தின் இடத்தை மின்மோட்டாரும் பிடித்துக்கொண்டிருந்தன.

தோல்பாவைகளுக்கு அடுத்து வாருங்கள். ஆட்டுத் தோலை மயிர் நீக்கிச் சுரண்டி, ஒளி ஊடுருவும் மெல்லிய தகடாக்கி, உருவம் வெட்டி, துளையிட்டு, சாயம் தீட்டிச் செய்யப்படுவது தொகலு கொம்பெ என்னும் பாவை. தமிழ்நாட்டில் பாவைக்கூத்தைக் கட்டிக் காத்த மண்டிகர்கள் வீட்டில் மராத்தி பேசுவதைப் பலர் அறிவர். கர்நாடகத்தில் இக்கலையைச் செய்யும் கிள்ளேக்யாதர்களின் வீட்டு மொழியும் மராத்தியின் ஒரு வகையே. அவர்களுடைய சாதிப்பெயரே கூத்தில் வரும் கோமாளியின் பெயர்தான். நம் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்யும் வேலையை அங்கே கிள்ளேக்யாதனும் அவன் மனைவி பங்காரக்காவும் செய்கிறார்கள். ஆகவே இந்தப் பாவைகளைக் ‘கன்னட நாட்டுக் கலை’ என்று எழுதிய பலகையைப் படிக்கும்போது, மொழி எல்லையை மதியாமல் மாட்டு வண்டியில் இராமாயணத்தை ஏற்றிக்கொண்டு அலைந்த குடும்பங்களையும் நினைத்துக்கொள்வது நல்லது. பாவை கண்ணாடிப் பெட்டிக்குள் சுவரோடு சாய்ந்து நிற்கும்போது அதன் பாதி அழகே தெரிகிறது. பின்னால் விளக்கு இல்லாத பாவை அணைந்த பாவைதான்.

முகமூடிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோமன குணித என்ற ஆட்டத்தில், ஊர் அம்மனின் காவலனாகிய சோமனின் பெரிய மர முகத்தை அணிந்துகொண்டு ஆடுவர். ஊரில் அந்த முகம் அம்மன் கோயிலில் இருக்கும், பூசை பெறும், குறித்த நாளில் மட்டும் வெளியே வரும். ஆடுபவனுக்கும் அதற்கும் முறை உண்டு. அருங்காட்சியகத்தில் அதற்கு எண் உண்டு, பூசை இல்லை. இப்படி முறை கழன்ற பொருளைத் தெய்வமாகப் பார்ப்பதா, சிற்பமாகப் பார்ப்பதா என்பது உங்களோடு வரும் பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் வெவ்வேறாகத்தான் இருக்கும். சிற்றூர்களிலிருந்து வரும் பார்வையாளர்கள் இத்தகைய உருவங்களின் முன் அனிச்சையாகக் கை குவிப்பதைக் கண்டால் சிரிக்க வேண்டாம். அங்கே பொருளைச் சரியாக அறிந்தவர்கள் அவர்களே.

எழுத்தாளர்களுக்கென்று ஒரு பகுதியும் இதே மாளிகையில் உண்டு. கன்னட இலக்கியவாதிகள் பயன்படுத்திய பொருள்களை அங்கே காணலாம். கன்னட இலக்கியம் பயின்றவருக்கு அது நெகிழ்ச்சி தரும். மற்றவர்கள் விரைவாகக் கடந்து செல்லலாம்.

அரண்மனைக்குள் இந்தப் பொருள்கள் பொருந்துமா என்பதற்கு இப்போது நேரடியாக வருகிறேன். கருத்தளவில் பொருந்துகின்றன, கட்டடத்தளவில் பொருந்தவில்லை. முந்நூறு ஜன்னல்கள் உள்ள வீடு வெளிச்சத்துக்கும் ஏரிக்காற்றுக்கும் கட்டப்பட்ட வீடு. மனிதர்கள் வாழ அது மிக நன்று. சாயம் தீட்டிய தோலுக்கும் துணிக்கும் வெளிச்சமே முதல் எதிரி, ஈரக்காற்று அடுத்த எதிரி. தோல் சுருளும், மரத்தை உளுவும் கரையானும் அரிக்கும், ஓலை நொறுங்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் மரமுமாகக் கட்டிய பழைய வீட்டில் கூரை ஒரு மழைக்காலம் ஒழுகினால் போதும், கட்டடமும் பொருளும் ஒன்றாகக் கெடும். நடந்ததும் அதுதான். பல்கலைக்கழகங்களுக்கு ஆசிரியர் ஊதியத்துக்கு நிதி கிடைப்பதைப் போலக் கூரை பழுது பார்க்கக் கிடைப்பதில்லை. 2000களின் தொடக்கத்தில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் கொடையால் மாளிகையில் பெரிய அளவில் சீரமைப்பு நடந்தது. இருந்தும் சில பகுதிகள் மறுபடியும் நலிந்தன. 2020களில் அமெரிக்கத் தூதரின் பண்பாட்டுப் பாதுகாப்பு நிதியும் டெக்கான் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மேற்குப் பகுதியை மீட்கும் பணியை மேற்கொண்டன. இருபது ஆண்டுக்கு ஒருமுறை கொடையாளரைத் தேடிப் பிடிப்பதை நான் பராமரிப்பாகக் கருதமாட்டேன். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் ஓடு மாற்றவும் கால்வாய் தூர்வாரவும் ஒதுக்கும் சிறு தொகையே இத்தகைய வீடுகளைக் காக்கும் என்பது, ஓட்டு வீட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

இதே பொருளை வேறு வழியில் செய்தவர்களும் உண்டு. பெங்களூரு-மைசூரு நெடுஞ்சாலையில் ராமநகரத்துக்கு அருகே, எச். எல். நாகேகௌடரின் முயற்சியால் 1994இல் திறக்கப்பட்ட ஜானபத லோகத்தில், பொருள்கள் திறந்த வெளியிலும் தாழ்ந்த கட்டடங்களிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. கலைஞர்கள் வந்து ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். உயிர்ப்பு என்று பார்த்தால் அதுவே மேல். ஆனால் ஜயலட்சுமி விலாஸில் கிடைக்கும் ஓர் அனுபவம் அங்கே கிடைக்காது: தூணுக்கும் கண்ணாடிக் கூரைக்கும் கொட்டிய செல்வம் எந்தக் களத்திலிருந்து எந்தக் கொளகத்தால் அளந்து எடுக்கப்பட்டதோ, அந்தக் கொளகத்தின் உடன்பிறப்பு அதே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பதை இங்கேதான் காண முடியும். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரமுண்டு என்றால், சிறுவர்களோடு செல்பவர் ராமநகரத்தையும், தனியாகச் செல்பவர் மைசூரையும் தேர்ந்தெடுக்கட்டும்.

செல்வதற்கு முன் பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சீரமைப்புப் பணியைப் பொறுத்து சில கூடங்கள் பூட்டியிருக்கக்கூடும். காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்துவிட்டு மேடேறினால், மாளிகை ஏன் அந்த இடத்தில் கட்டப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும். முதலில் நடுக் கூடத்தையும் கதவுகளையும் பார்த்து முடித்துவிடுங்கள். பிறகு கட்டடத்தை மறந்துவிட்டுப் பொருள்களுக்கு வாருங்கள். இரண்டையும் ஒருசேரப் பார்க்க முயன்றால் தூண்களே வெல்லும். இசைக்கருவிகளின் முன் வந்ததும், மாதேஸ்வரரின் அடியார்களான தேவரகுட்டர்கள் கையில் ஏந்தும் கம்சாளெ என்னும் வெண்கலத் தாளத்தைப் பற்றிக் கேளுங்கள். ஒரு கையில் கிண்ணம் போன்ற பகுதியும் மறு கையில் கயிற்றில் ஆடும் தட்டுமாக, பாட்டும் ஆட்டமும் ஒன்றாக நிகழும் கருவி அது. அதன் ஓசையைக் கேட்க வேண்டுமென்றால், மைசூரிலிருந்து திரும்பும்போது நேரே பெங்களூரு வழியாக வராமல், கொள்ளேகால் வழியாக மாதேஸ்வரன் மலை ஏறி, மேட்டூர்ப் பக்கம் இறங்குங்கள். சிவராத்திரியையொட்டிச் சென்றால் மலையில் தமிழும் கன்னடமும் கலந்த கூட்டத்தின் நடுவே அந்தத் தாளம் ஒலிப்பதைக் கேட்கலாம்.